பெட்டிஷன் பார்ட்டி: மேல்முறையீடு தனி வழக்கா, வழக்கின் தொடர்ச்சியா?



எந்தத் தோழரின் நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூடுகிறோமோ, அவரைக் கவிதைகள் வழியாக அறிந்தவர்கள் இந்த அவையில் பலர். எனக்கு அவர் அறிமுகமானது ஒரு மஞ்சப்பையின் வழியாக. கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுக் கொடுப்பார்களே, அந்தப் பை. அதில் ஒரு கவிதை நோட்டும் அதைவிடப் பருமனான ஒரு வழக்குக் கட்டும் எப்போதும் இருக்கும். அலுவலகங்களில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘பெட்டிஷன் பார்ட்டி’. அவர் படியேறும்போதே உள்ளே சிரிப்பார்கள்.

ஒருமுறை அவரோடு நானும் போயிருந்தேன். ஓர் அதிகாரி கட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: “ஆறு கேஸ் போட்டு ஆறுலயும் தோத்திருக்கீங்க. இன்னும் எதுக்குய்யா கோர்ட்டையும் எங்களையும் இம்சை பண்றீங்க?”

தோழர் நிதானமாகச் சொன்னார்: “ஆறு கேஸ் இல்ல சார். ஒரே கேஸ்தான். ஆறு படி ஏறியிருக்கேன். அதுவும் நான் போட்ட கேஸ் இல்ல, என் மேல போட்டது.”

அது பஞ்சமி நிலம். வாங்கியதாகச் சொன்னவர், இவருடைய குடும்பம் நிலத்துக்குள் நுழையக் கூடாது என்று நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். இடைக்கால உறுத்துக்கட்டளை ஒன்று, அதன் மீது மேல்முறையீடு ஒன்று, அசல் வழக்கு, சார்பு நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு, நிறைவேற்று மனுவில் ஆட்சேபணை, அந்த உத்தரவின் மீது சீராய்வு. எண்ணிப் பார்த்தால் ஆறுதான். அதிகாரியின் எண்ணிக்கையில் தவறில்லை. எதை எண்ணுகிறோம் என்பதில்தான் தவறு.

இன்றைய உரையின் பொருள் அந்த எண்ணிக்கை. ஒருவர் ஓயாமல் வம்பு வழக்குப் போடுகிறார் என்று நீதிமன்றம் முடிவுகட்டி, அனுமதி இல்லாமல் இனி வழக்கே போடக் கூடாது என்று தடுக்க நம் மாநிலத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. 75 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களிலும் பலர் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சட்டத்தின் கண்ணில் மேல்முறையீடு ஒரு தனி நடவடிக்கையா? அப்படியென்றால் இரண்டு கேடு. மேலே போகப் போக ‘வழக்கமாக வழக்காடுபவர்’ என்ற கணக்கு ஏறும். முத்திரை விழுந்த பிறகு, அடுத்தவர் போட்ட வழக்கில் தோற்றால்கூட மேலே போக அனுமதிக்குக் கையேந்த வேண்டும்.

சட்டத்தின் பிறப்பிடம் லண்டன். 1896-இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் தொல்லை வழக்குகளைத் தடுக்கும் முதல் சட்டத்தை இயற்றியது. அதற்குக் காரணமானவர் அலெக்சாண்டர் சாஃபர்ஸ். சில ஆண்டுகளுக்குள் 48 வழக்குகளைப் போட்டவர். இளவரசர், கேன்டர்பரி பேராயர், நாடாளுமன்றச் சபாநாயகர், நீதிபதிகள் என்று பிரதிவாதிகளின் பட்டியலே ஒரு தர்பார்போல இருக்கும். அவர் ஏழை எளியவருக்காக வழக்காடிய போராளி அல்ல, அவரே ஒரு சொலிசிட்டர். அதற்கு முன்பு ஒரு பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊரறியப் பிரமாணம் செய்து, அவளுடைய கணவர் பதவியைவிட்டே விலகும்படி செய்தவர். ஆகவே வம்பு வழக்காடி என்று ஒருவர் உலகத்தில் இல்லவே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கிறார். அவரால் முதலில் அடிபடுவதும் பெரும்பாலும் எளியவர்தான்.

சாஃபர்ஸ் விஷயத்தில் நீதிமன்றம் பார்த்தவை மூன்று: வழக்குகளின் எண்ணிக்கை, அவற்றின் பொதுவான தன்மை, அவற்றின் முடிவு. இந்த அளவுகோல் பிறகு நாடுவிட்டு நாடு பரவியது. எண்ணிக்கைதான் முதலில் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

1896 சட்டம் தடுத்தது புதிதாக வழக்குத் ‘தொடுப்பதை’ மட்டும். ஏற்கெனவே தொடுத்த வழக்கை நடத்திக்கொண்டு போவதை அது தொடவில்லை. அது போதவில்லை என்று ஆங்கிலேயர்களுக்குத் தோன்ற 63 ஆண்டுகள் ஆயின. 1959-இல்தான், தொடுத்த வழக்கைத் ‘தொடர்வதையும்’ தடுக்கலாம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 1981 சட்டத்தின் 42-ஆம் பிரிவு இதைப் பிரித்தே எழுதியது: வழக்குத் தொடுப்பது ஒன்று, தொடுத்ததைத் தொடர்வது ஒன்று, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் மனுப்போடுவது ஒன்று. மூன்றும் ஒன்றுதான் என்றால் மூன்று உட்பிரிவு எதற்கு? பின்னால் வரும் படிகளையும் அடைக்க வேண்டுமென்றால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று அந்த நாடாளுமன்றத்துக்குத் தெரிந்திருந்தது.

நம்முடையது சென்னை மாகாணத்தின் 1949-ஆம் ஆண்டு 8-ஆம் சட்டம், தொல்லை வழக்குகள் தடுப்புச் சட்டம். அரசியலமைப்பு நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டில் பிறந்தது. 14-ஆம் பிரிவின் சமத்துவமோ 32-ஆம் பிரிவின் உரிமையோ கண்திறக்காத காலம். ஆங்கிலேயரின் பழைய வாசகத்தைப் பெருமளவு அப்படியே எடுத்துக்கொண்டது. சாரம் இதுதான்: தக்க காரணமின்றி, வழக்கமாக, உரிமையியலிலோ குற்றவியலிலோ தொல்லை தரும் நடவடிக்கைகளை ஒருவர் தொடுத்துவருகிறார் என்று உயர் நீதிமன்றம் கருதினால், அவர் இனி அனுமதியின்றி எந்த நடவடிக்கையும் தொடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். சென்னை நகரத்தில் என்றால் உயர் நீதிமன்றத்தின் அனுமதி, வெளியே என்றால் மாவட்ட மற்றும் அமர்வு நீதிபதியின் அனுமதி. முகாந்திரம் இருக்கிறது என்று தோன்றினால்தான் அனுமதி கிடைக்கும். அனுமதியில்லாமல் போட்டால் தள்ளுபடி. உத்தரவு அரசிதழில் வெளிவரும்.

இரண்டு பாதுகாப்புகளும் இருக்கின்றன, மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த உத்தரவை எதிர்க்கட்சிக்காரர் நேரே போய்க் கேட்க முடியாது, மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வறுமையால் வக்கீல் வைக்க முடியாதவர் என்றால் உயர் நீதிமன்றமே அவருக்கு ஒரு வக்கீலை அமர்த்தலாம். 1949-இல் ஒரு சட்டத்தை எழுதியவர்களுக்கு, இதில் மாட்டப்போகிறவர் ஏழையாக இருக்கக்கூடும் என்று தோன்றியிருக்கிறது. அது ஒரு நல்ல வரி. முதல் பாதுகாப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு நிம்மதி இல்லை. தலைமை வழக்கறிஞர் அரசின் வழக்கறிஞர். நம் ஆட்கள் போடும் மனுக்களில் பெரும்பாலானவற்றில் எதிர்மனுதாரர் யார்? மாவட்ட ஆட்சியர், வட்டாட்சியர், காவல் துறை. காவலுக்கு நிற்கிறவரே எதிர்த்தரப்பின் ஆளாக இருக்கும் இடத்தில் அந்தக் காவலுக்கு எவ்வளவு மதிப்பு?

இந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி 1965-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஐதராபாத்காரர் ஒருவர்மீது ஆந்திர உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு அது. சட்டம் செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். கதவை மூடவில்லை, வாசலில் ஒரு சல்லடை வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்ற நோக்கு. ஆனால் பழைய சென்னை மாகாணச் சட்டம் தெலங்கானா பகுதிக்கு விரிவாக்கப்படவே இல்லை, ஆகவே அங்கே அதைப் பயன்படுத்த முடியாது என்றும் சொல்லிவிட்டது. சட்டம் வென்றது, வழக்காடியும் தப்பித்தார். பிறகு மகாராஷ்டிரம் 1971-இல் இதேபோல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2005-இல் சட்ட ஆணையம் தன் 192-ஆம் அறிக்கையில் நாடு முழுமைக்கும் ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இனி அந்த ஒரு சொல்லுக்கு வருவோம்: தொடுத்தல். மேல்முறையீடு செய்கிறவர் ஒரு நடவடிக்கையைத் ‘தொடுக்கிறாரா’?

இதற்குப் பதில் வேறு ஒரு தீர்ப்பில் கிடைக்கிறது, கரிகபாட்டி வீரய்யா வழக்கு. 1957-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த அசல் வழக்கு தொடுக்கப்பட்டதும் 1949-இல்தான், அதே சென்னை மாகாணத்தில். அப்போது 10,000 ரூபாய் மதிப்புள்ள வழக்கென்றால் மேலே ஃபெடரல் கோர்ட்டுவரை போகலாம். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசியலமைப்பு வந்து, வரம்பை 20,000 ஆக்கிவிட்டது. இவருடையது இடைப்பட்ட தொகை. மேலே போக உரிமை உண்டா, போய்விட்டதா? உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. அசல் வழக்கு, மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்த ஒரே நடவடிக்கையின் படிகள். வழக்குத் தொடுத்த நாளிலேயே மேல்முறையீட்டு உரிமை இரு தரப்புக்கும் பிறந்துவிடுகிறது. தெளிவான சட்டத்தால் அன்றி அதைப் பறிக்க முடியாது.

தோழர் அந்த அலுவலகத்தில் சொன்னதும் இதைத்தான். அவர் இந்தத் தீர்ப்பைப் படித்தவர் அல்ல.

இந்த நெறியை 1949 சட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். ஆறு படி ஏறியவர் ஒரு நடவடிக்கையில்தான் இருந்திருக்கிறார். ஒன்று எப்படி ‘வழக்கமாக’ ஆகும்? பிரதிவாதியாக இழுக்கப்பட்டவரோ எதையுமே தொடுக்கவில்லை. தொடுத்தவர் எதிர்த்தரப்பு.

ஆனால் எதிர்வாதமும் இருக்கிறது, அது பலவீனமானது அல்ல. நம் மாணவர்கள் அதை எதிராளியின் வாயில் முதல்முறை கேட்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 35-ஏ என்று ஒரு பிரிவு. 1922-இல் சேர்த்தது. பொய்யான, தொல்லை தரும் கோரிக்கைகளுக்கு ஈட்டுச் செலவு விதிக்கும் பிரிவு. அதன் இன்றைய வாசகம் ‘வழக்கிலோ பிற நடவடிக்கையிலோ’ என்று தொடங்கி, நிறைவேற்று நடவடிக்கை உட்பட, மேல்முறையீடும் சீராய்வும் நீங்கலாக, என்கிறது. ‘பாருங்கள், தொல்லை வழக்கைப் பற்றிப் பேசும்போதே சட்டம் மேல்முறையீட்டை ஒதுக்கிவைத்திருக்கிறது’ என்று நாம் சொல்லலாம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, ‘நடவடிக்கை என்ற சொல்லுக்குள் மேல்முறையீடு அடங்கும் என்பதால்தானே அதைத் தனியாக நீக்க வேண்டியிருந்தது? 1949 சட்டத்தில் அப்படி நீக்கியிருக்கிறதா?’ என்று கேட்பார். ஒரே வரி இருபுறமும் வெட்டுகிறது. அதனால்தான் ‘நடவடிக்கை’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்காமல், ‘தொடுத்தல்’ என்ற வினையைப் பிடிக்க வேண்டும் என்கிறேன். மேல்முறையீடு ஒரு நடவடிக்கையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அதைத் தொடங்கிவைத்தது யார்?

இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்த இடம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா. அங்கே 1963-இலிருந்து ஒரு சட்டம் உண்டு. ஏழு ஆண்டுகளுக்குள் குறைந்தது ஐந்து வழக்குகளை, வக்கீல் இல்லாமல் தானே நடத்தித் தோற்றவர் தொல்லை வழக்காடி ஆகலாம். வக்கீல் வைத்துக்கொண்டு ஐம்பது வழக்குத் தோற்றவர் இந்தக் கணக்குக்குள் வரமாட்டார். காசில்லாதவனின் தோல்விதான் கணக்கில் ஏறும்! 1990-இல் இன்னொரு பிரிவைச் சேர்த்து, முத்திரை விழுந்தவர் அனுமதியின்றிப் ‘புதிய வழக்கு’ போடக் கூடாது என்றார்கள். உடனே கேள்வி வந்தது: மேல்முறையீடு புதிய வழக்கா? 1998-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆம் என்றது. 2008-இல் இன்னொன்று, மேல்முறையீடு செய்பவர் கீழே பிரதிவாதியாக இருந்தால் அப்படி அல்ல என்றது. 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. அது ஒரு வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் வழக்கு. வழக்குப் போட்டது வீட்டுக்காரர் தரப்பு, தோற்றது குடியிருந்தவர், அவர்மேல் தொல்லை வழக்காடி என்ற முத்திரை. வீட்டை இழந்தவர் மேல்முறையீடு செய்ய முன் அனுமதி தேவையில்லை என்றது நீதிமன்றம். அவர் தேடிப்போய் அந்த வழக்கில் நிற்கவில்லை.

வாதியாக இருந்து தோற்று மேலே போகிறவருக்கு இந்தத் தீர்ப்பு இடம்கொடுக்கவில்லை. அந்தப் பாதி இன்னும் அவ்வளவு எளிதாக நமக்குச் சாதகமாகாது. நான் வைக்கும் வாதமும் அங்கேதான் பலவீனப்படும். ஆனால் இழுத்துவரப்பட்டவருக்கு வழிவிட வேண்டும் என்பது ஒரு தரை. அதற்குக் கீழே எந்த நீதிமன்றமும் இறங்கக் கூடாது.

இப்போது மகாடுக்குப் போவோம். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் சவதார் குளத்தில் நீர் அருந்தியது நமக்குத் தெரியும். அதற்குப் பிறகு வந்த பத்து ஆண்டுகளை நம் மேடைகளில் அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த டிசம்பரில் சாதி இந்துக்கள் அம்பேத்கர் மீதும் மற்றவர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார்கள். குளம் தங்களுக்கே உரியது, தொன்றுதொட்ட வழக்கம் என்பது வாதம். இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். இரண்டாவது முறை சத்தியாகிரகத்துக்குத் திரண்ட ஆயிரக்கணக்கானவர்களிடம், நீதிமன்ற உத்தரவை மீறவேண்டாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை பாபாசாகேபுக்கு. 1928-இல் தடை விலகியது. 1931-இல் வாதிகள் தோற்றார்கள். மேல்முறையீடு செய்து 1933-இல் தோற்றார்கள். இரண்டாம் மேல்முறையீட்டோடு பம்பாய் உயர் நீதிமன்றம் போய், 1937 மார்ச்சில் நீதிபதி புரூம்ஃபீல்டு அமர்வின்முன் தோற்றார்கள். அப்படி ஒரு வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது.

ஒரு வாய்த் தண்ணீருக்காக மூன்று நீதிமன்றம். அவர்களை யாரும் தொல்லை வழக்காடிகள் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது என்பதுதான் என் கருத்து, சிலருக்கு இது கசக்கும். பழக்க உரிமைக்கு எவ்வளவு பழைமை வேண்டும் என்பது மெய்யான சட்டக் கேள்வி. அதை அவர்கள் கடைசிப் படிவரை கொண்டுபோனதால்தான் நமக்கு உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கிடைத்தது. அவர்கள் ஏறிய அதே படிகளில் ஏறினால் நமக்குப் ‘பெட்டிஷன் பார்ட்டி’ என்று பெயர் வருகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

மேல்முறையீட்டைப் புனிதப் பொருளாக்கவும் வேண்டாம். கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் அமர்வு நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-இல் விடுவித்தது சென்னை உயர் நீதிமன்றம். அதுவும் மேல்முறையீட்டில் நடந்ததுதான். படி அவர்களையும் ஏற்றியது. ஏறியவர்களில் யாருக்குக் கதவு திறந்தது என்பது வேறு ஒரு நாள் பேச வேண்டிய வரலாறு.

வம்பு என்ற முத்திரை ஆளுக்கு ஆள் விழுவதும் உண்டு, ஒரு கூட்டத்துக்கே விழுவதும் உண்டு. 2018 மார்ச் 20, மகாடு நாளிலேயே, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு கைதுக்கும் வழக்குப் பதிவுக்கும் முன்னால் புதிய வடிகட்டிகளை வைத்தது. ஏப்ரல் 2 முழு அடைப்பில் நாடு முழுவதும் நம் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று மறுஆய்வில் உச்ச நீதிமன்றமே அந்த வழிகாட்டல்களைத் திரும்பப் பெற்றது. பட்டியல் சாதியினர் என்பதாலேயே அவர்கள் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று கருத முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கம். தனிமனிதருக்கும் அதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். தோற்றார் என்பதாலேயே வம்புக்காரர் என்று கருத முடியாது.

நடைமுறையில் என்ன ஆகும் என்று சொல்லிவிடுகிறேன். முன்சீப் தீர்ப்பிலிருந்து மேல்முறையீடு செய்ய 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். மேல்முறையீட்டுக்கும் அனுமதி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி மனு எண்ணாகி, நோட்டீஸ் போய், வாய்தா மேல் வாய்தா விழுந்து முடிவதற்குள் அந்த 30 நாள் ஓடிவிடும். காலவரம்புச் சட்டத்தில், வறியவராக மேல்முறையீடு செய்ய அனுமதி கேட்டுக் காத்திருந்த காலத்தைக் கழித்துக்கொடுக்கும் பிரிவு இருக்கிறது. அரசு அல்லது வேறோர் அதிகாரியின் முன் அனுமதி தேவைப்படும்போது அந்தக் காலத்தைக் கழிக்கும் பிரிவும் இருக்கிறது, ஆனால் அது அசல் வழக்கைப் பற்றிப் பேசுகிறது, மேல்முறையீட்டை அல்ல. மீதமிருப்பது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. அது நீதிபதியின் விருப்புரிமை. இதற்கிடையில் தீர்ப்பாணை நிறைவேற்றத்துக்கு வந்துவிடும், அமீனா வந்து வாசலில் நிற்பார். உரிமை காகிதத்தில் இருக்கும், நிலம் போயிருக்கும்.

ஆகவே வழக்கு நடத்தும் தோழர்களுக்குச் சில வார்த்தை. தோல்விகளின் பட்டியலை எதிர்த்தரப்பு நீட்டும்போது, அதை வழக்கு வாரியாகப் பிரித்து நீங்களே ஒரு பட்டியல் போடுங்கள். எது நாம் தொடுத்தது, எது நம்மீது தொடுத்தது, எது எதன் தொடர்ச்சி என்று. தனியே நின்று வாதாடுவது வீரம்போலத் தெரியும், ஆனால் தோல்விக் கணக்கு அங்கேதான் ஏறுகிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச வக்கீல் உண்டு. கேட்டு வாங்குங்கள். மனுவில் கோபத்தைக் கொட்டாதீர்கள். நீதிபதியைத் திட்டிய ஒரு பத்திதான் பிறகு ‘பொதுவான தன்மை’ என்று எடுத்துக்காட்டப்படும்.

தோழர் அந்த அலுவலகத்திலிருந்து வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார். “அவர் சொன்னதுல ஒரு விஷயம் சரிதான்,” என்றார். “ஆறு தடவ தோத்திருக்கேன்.” பிறகு கட்டை எடுத்து, மேல் தாளில் ஆறுக்கும் வரிசையாக எண் போட்டார். பிரித்தெழுதிய ஆறு எண்களுக்கும் இடப்பக்கம் ஒரு பெரிய அடைப்புக்குறியை இழுத்து, அதன் முனையில் அசல் வழக்கின் எண்ணை எழுதினார். அந்தத் தாள் இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டாம் மேல்முறையீடு அவர் இறந்தபோது நிலுவையில் இருந்தது. மகள் வாரிசாகச் சேர்ந்து நடத்துகிறார். இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மஞ்சப்பை மடியில் இருக்கிறது.